காசு வாலட்டால லாகின் பண்ணாதீங்க: எத்திரியம் கீ வச்சு சைன்-இன், டெலிகேட் செட் பண்ற முறை

பாஸ்வேர்டும் வேணாம், ஓடிபியும் வேணாம், கூகுள் அக்கவுன்ட்டையும் நடுவுல விட வேணாம், ஆனா நான் தான் நான்னு காட்டி ஒரு சைட்டுக்குள்ள போகணும்னா இன்னைக்கு உருப்படியா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு பாஸ்கீ, அதாவது போன்லயோ கம்ப்யூட்டர்லயோ இருக்கிற கீயை விரல் ரேகை, பின் மாதிரி வச்சு திறந்து உள்ள போறது. இன்னொண்ணு கிரிப்டோ வாலட்ல ஏற்கனவே உக்காந்திருக்கிற ப்ரைவேட் கீ, அதாவது அந்த அக்கவுன்ட்டை ஆளற ரகசிய எண். நான் இங்க சொல்லப் போறது ரெண்டாவது, அதுவும் பெரும்பாலும் எத்திரியம்ன்ற கிரிப்டோ நெட்வொர்க்கோட கீயை வச்சு. பட்டனை அமுக்கி உள்ள போறது சுலபம் தான், அதுக்கு யாரும் கைட் எழுத வேண்டியதில்ல. எந்த கீயால போறீங்க, சைன் பண்றதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ல எதைப் படிக்கிறீங்க, அந்த கீக்குப் பின்னாடி காசு இருக்கா இல்லையா, இந்த மூணு தான் விஷயமே. நெறைய பேர் ஈத்தும் (எத்திரியத்தோட காசு) என்எஃப்டியும் (டிஜிட்டல் சொத்துக்கான டோக்கன்) வச்சிருக்கிற அதே அக்கவுன்ட்டை கண்ட கண்ட சைட்ல கனெக்ட் பண்ணி, பாப்அப் வந்தா படிக்காமலே சைன் அமுக்கிட்டு போய்ட்டே இருக்காங்க, அதை நிறுத்துங்கன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரியும். நீங்க லாகின் அமுக்கினதும் சர்வர் ஒரு ரேண்டமான எழுத்து வரிசையை அனுப்பும், அதுக்கு நான்ஸ்னு பேர். உங்க வாலட் அந்த நான்ஸ் இருக்கிற ஒரு மெசேஜை ப்ரைவேட் கீயால சைன் பண்ணி 65 பைட்ல ஒரு சிக்னேச்சரை திருப்பி அனுப்பும். எத்திரியமும் பிட்காயினும் யூஸ் பண்ற செக்பி256கே1ன்ற கணித முறைல (கர்வ்) ஒரு வசதி என்னன்னா மெசேஜையும் சிக்னேச்சரையும் வச்சே சைன் பண்ணின ப்ரைவேட் கீக்கு ஜோடியா இருக்கிற, வெளிய காட்டக் கூடிய பப்ளிக் கீ எதுன்னு கணக்கு போட்டு எடுத்துடலாம், அதை கெச்சாக்-256ல ஹாஷ் பண்ணி (திருப்பி எடுக்க முடியாத ஒரு சுருக்கமா மாத்தி) கடைசி 20 பைட்டை எடுத்தா அது தான் உங்க எத்திரியம் அட்ரஸ். சர்வர் இதை நீங்க சொன்ன அட்ரஸோட ஒப்பிட்டுப் பாத்து சரியா இருந்தா உள்ள விடும். ப்ரைவேட் கீ உங்க மெஷினை விட்டு எங்கயும் போகல, சர்வர்ல திருடறதுக்கு பாஸ்வேர்ட் ஹாஷ்னு ஒண்ணும் கிடையாது, பழைய சிக்னேச்சரை எவனாவது காப்பி எடுத்து வச்சாலும் நான்ஸ் ஒவ்வொரு தடவையும் மாறுறதால அது செல்லாது. செயின்ல ட்ரான்சாக்‌ஷனே நடக்காததால காஸ் ஃபீயும், அதாவது ப்ளாக்செயின்ற அந்த பொதுக் கணக்குப் புத்தகத்துல எழுதறதுக்கான கட்டணமும், இல்ல. ஒரு பைசா இல்லாத புது அட்ரஸாலயும் தாராளமா லாகின் பண்ணலாம். லாகின் ஆகறதுக்கு கொஞ்சம் ஈத் அனுப்புங்கன்னு கேட்டா அந்த டேபை மூடிடுங்க.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கு. வாலட் மெசேஜை அப்படியே சைன் பண்ணாது, முன்னாடி "எத்திரியம் சைன்டு மெசேஜ்"ன்ற ஒரு ஒட்டை சேத்து தான் சைன் பண்ணும், இஆர்சி-191ன்ற எத்திரியம் ஸ்டாண்டர்ட் சொல்ற முறை அது. அந்த ஒட்டு இருக்கிறதால நீங்க லாகினுக்குன்னு சைன் பண்ணினதை எடுத்து யாரும் ட்ரான்சாக்‌ஷனா செயின்ல ஏத்த முடியாது. பிட்காயின்லயும் இதே வேலையை "பிட்காயின் சைன்டு மெசேஜ்"னு போட்டு பண்றாங்க. இந்த ஒட்டு இல்லாம எந்த ஹாஷை குடுத்தாலும் சைன் பண்ற பழைய முறை ஒண்ணு இருந்துச்சு, ஈத்-சைன்னு, அதை வச்சே ஏகப்பட்ட பேர் வாலட்டை காலி பண்ணினாங்க, கடைசில மெட்டாமாஸ்க்ன்ற வாலட் 2023ல அதை டிஃபால்ட்டா ஆஃப் பண்ணி வச்சாங்க.

முதல்ல கீயை பிரிங்க

எந்த சைட்லயும் சைன்-இன் பண்றதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை இது. ரெண்டு வாலட் வேணும். ஒண்ணு பெட்டி, அதாவது காசு, என்எஃப்டி, இஎன்எஸ் பேர் (அட்ரஸுக்கு பதிலா வச்சுக்கிற பேர்) எல்லாம் இருக்கிறது, அது ட்ரெஸர், லெட்ஜர் மாதிரி ஹார்டுவேர் வாலட்ல, அதாவது கீயை வச்சிருக்கிற தனி கருவில இருக்கணும், எந்த சைட்டோடவும் தினமும் பேசக் கூடாது. இன்னொண்ணு லாகின் வாலட், போன்லயோ ப்ரௌசர்லயோ இருக்கலாம், அதுல பேலன்ஸ் ஜீரோ.

இங்க தான் பாதி பேர் சறுக்கறாங்க. மெட்டாமாஸ்க்ல அக்கவுன்ட் 1, அக்கவுன்ட் 2ன்னு பண்ணிட்டு ரெண்டா பிரிச்சாச்சுன்னு நினைச்சுக்கறாங்க. ரெண்டும் ஒரே சீட் ஃப்ரேஸ்ல, அதாவது எல்லா கீயும் பிறக்கிற 12 வார்த்தைல இருந்து வர்றது தான், அந்த 12 வார்த்தை போச்சுன்னா ரெண்டும் சேர்ந்து போகும். அதை விட மோசமான ஒரு ஓட்டையும் இருக்கு, பிப்-32ன்ற கீ உருவாக்கற முறைல கடைசி நம்பர் மட்டும் மாறி மாறி வர்ற இந்த மாதிரி அக்கவுன்ட்ல ஒரே ஒரு அக்கவுன்ட்டோட ப்ரைவேட் கீயும், அதுக்கு மேல் லெவல்ல இருக்கிற எக்ஸ்பப்பும் (அட்ரஸ் எல்லாத்தையும் உருவாக்கற பப்ளிக் கீ) ஒருத்தன் கைல கிடைச்சா போதும், அவன் மேல் லெவல் ப்ரைவேட் கீயை கணக்கு போட்டு எடுத்துடுவான், அங்க இருந்து கூடப் பொறந்த அக்கவுன்ட் எல்லாத்தையும் எடுத்துடுவான். அதனால லாகின் வாலட்டுக்கு தனி சீட் ஃப்ரேஸ் போடுங்க. புதுசா ஒரு ப்ரௌசர் ப்ரொஃபைல் திறங்க, அதுல வாலட் எக்ஸ்டென்ஷனை போட்டு "புது வாலட்" குடுங்க, வர்ற 12 வார்த்தையை பேப்பர்ல எழுதி வைங்க, போட்டோ எடுக்காதீங்க, வாட்ஸ்அப்ல உங்களுக்கே அனுப்பிக்கிற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க. பெட்டியோட ஹார்டுவேர் வாலட்டை இந்த ப்ரொஃபைல்ல சொருகவே கூடாது.

பிரைவசி வேணும்ன்றவங்களுக்கு ஒரு வார்த்தை. எத்திரியம் அட்ரஸ் ஒரு திறந்த பாஸ்புக். அந்த அட்ரஸால லாகின் பண்ணினா அந்த சைட் நடத்தறவர் ஈதர்ஸ்கேன்ற செயின் தேடுற சைட்ல போட்டு உங்ககிட்ட என்ன இருக்கு, யாருக்கு அனுப்பினீங்க, எல்லாம் பாத்துடலாம். காஸுக்குன்னு பெட்டில இருந்து லாகின் வாலட்டுக்கு சில்லறை அனுப்பினாலே ரெண்டும் ஒருத்தரோடதுன்னு செயின்ல நிரந்தரமா பதிஞ்சுடும். எக்ஸ்சேஞ்ச்ல இருந்து நேரா அனுப்பினா கேஒய்சி குடுத்த உங்க பேருக்கும் அந்த அட்ரஸுக்கும் முடிச்சு விழுந்துடும். யாருன்னு தெரியாம இருக்கணும்னா அந்த வேலைக்கு தனியா ஒரு அட்ரஸ், அதுல எதுவும் அனுப்பாம வச்சுக்கோங்க, லாகினுக்கு பேலன்ஸ் தேவையே இல்லன்னு மேலயே சொல்லிட்டேன்.

பாப்அப்ல எதைப் படிக்கணும்

2021 அக்டோபர்ல "சைன்-இன் வித் எத்திரியம்"னு ஒரு ஸ்டாண்டர்ட் வந்துச்சு, நம்பர் 4361. எத்திரியம் ஃபவுண்டேஷனும் இஎன்எஸ்ஸும் கேட்டு ஸ்ப்ரூஸ்ன்ற கம்பெனி முன்னாடி நின்னு செஞ்சது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு சைட்டும் அவங்க இஷ்டத்துக்கு ஒரு மெசேஜ் போடுவாங்க, சிலது வெறும் "ஹலோ"ன்னு இருக்கும், சிலது வெறும் எண்ணா இருக்கும், எதை எதுக்காக சைன் பண்றோம்னு மனுஷனுக்கும் தெரியாது வாலட்டுக்கும் தெரியாது. இப்போ மெசேஜோட வடிவமே இது தான்னு முடிவு பண்ணிட்டாங்க, அதனால அந்த வடிவத்துல இல்லாததை சந்தேகப்படலாம்.

முதல் வரில ஒரு டொமைன் பேர் இருக்கும், அதுக்கப்புறம் "வான்ட்ஸ் யூ டு சைன் இன் வித் யுவர் எத்திரியம் அக்கவுன்ட்"னு வரும், அடுத்த வரில உங்க அட்ரஸ். அந்த டொமைனையும் மேல அட்ரஸ் பார்ல இருக்கிறதையும் எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க, மொத்த கைட்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்வேன்னா இதை செய்யுங்க. ஏன்னா ஒரு போலி சைட் பண்ற வேலை என்னன்னா, நிஜ சைட்டுக்கிட்ட இருந்து நான்ஸ் வாங்கி, அந்த மெசேஜை உங்ககிட்ட காட்டி, நீங்க சைன் பண்ணினதும் அதை எடுத்துட்டு போய் நிஜ சைட்ல உங்களா உள்ள போறது. பாஸ்கீல இந்த டொமைன் செக்கை ப்ரௌசரே பண்ணிடும், நீங்க தூக்கக் கலக்கத்துல இருந்தாலும் அது ஏமாறாது. வாலட்ல அந்த பொறுப்பு உங்க கண்ணுக்கு வருது. மெட்டாமாஸ்க் மாதிரி சில வாலட் டொமைன் பொருந்தலன்னா சிவப்புல வார்னிங் குடுக்கும், ஆனா எல்லா வாலட்டும் குடுக்கும்னு நம்பிட்டு இருக்க முடியாது.

அதுக்கு கீழ யூஆர்ஐ (சைட்டோட முகவரி), வெர்ஷன் 1, செயின் ஐடி, நான்ஸ், இஷ்யூடு அட் (மெசேஜ் உருவான நேரம்)னு வரிசையா இருக்கும். செயின் ஐடி 1ன்னா எத்திரியம் மெயின்நெட், அதாவது முக்கிய செயின். நேரம் பெரும்பாலும் கடைசில இஸட் எழுத்தோட யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கும், அதனால இந்தியாலயோ இலங்கைலயோ இருந்து பாத்தா அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டும், பயப்பட வேணாம். ஆனா நேத்து தேதி, போன வாரத்து தேதின்னு இருந்தா சைன் பண்ணாதீங்க. எக்ஸ்பிரேஷன் டைம்னு ஒண்ணு இருந்தா நல்லது, இல்லன்னாலும் ஸ்டாண்டர்டுக்குள்ள தான் இருக்கு. கடைசில ரிசோர்சஸ்னு ஒரு பட்டியல் வரலாம், அங்க தான் கவனமா இருக்கணும், ஏன்னா அதுல "யூஆர்என் ரீகேப்"னு ஆரம்பிக்கிற வரி இருந்தா அது வெறும் லாகின் இல்ல, உங்க பேர்ல எழுத, அழிக்க, சேமிக்க அந்த ஆப்புக்கு அனுமதி குடுக்கறீங்கன்னு அர்த்தம். எந்த அனுமதின்னு மேல அட்ரஸுக்கு கீழ வர்ற ஸ்டேட்மென்ட் வரில வாக்கியமாவே எழுதியிருக்கணும், படிங்க.

அந்த ஸ்டேட்மென்ட் வரி பத்தி ஒரு புலம்பல். ஸ்டாண்டர்ட்படி அதுல ஆஸ்கி எழுத்து, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும் மட்டும் தான் வரலாம். தமிழ்ல "இந்தத் தளத்தில் நுழைய ஒப்புக்கொள்கிறேன்"னு எழுத முடியாது, எழுதினா லைப்ரரி எரர் அடிக்கும். மனுஷன் படிச்சு புரிஞ்சுக்கணும்னு வச்ச வரில மனுஷனோட மொழி வரக் கூடாதாம். தமிழ் சைட் பண்றவங்க பட்டனுக்கு மேல தமிழ்ல விளக்கத்தைப் போட்டுட்டு மெசேஜை சுருக்கமா விடறதைத் தவிர வேற வழி இல்ல.

இப்போ ஆபத்தான பக்கம். சைன்னு கேட்டு வர்றது எல்லாம் லாகின் கிடையாது. டைப்டு டேட்டான்னு இன்னொரு வகை இருக்கு, நம்பர் 712, அதுல பாப்அப் ஒரு ஃபார்ம் மாதிரி கட்டம் கட்டமா காட்டும். அதுல ஸ்பென்டர், வேல்யூ, டெட்லைன்னு கட்டம் இருந்தா அது பெர்மிட், அதாவது உங்க யுஎஸ்டிசி மாதிரி டோக்கனை இன்னொரு அட்ரஸ் எடுத்துக்கலாம்னு நீங்க குடுக்கிற அனுமதி. இதுக்கும் காஸ் கேக்காது, செயின்ல உடனே ஒண்ணும் தெரியாது, லாகின் மாதிரியே சாதுவா இருக்கும். 2022 பிப்ரவரில ஓப்பன்ஸீன்ற என்எஃப்டி சந்தையை யூஸ் பண்ணினவங்க என்எஃப்டியை இழந்ததும் இந்த வழில தான், பாதி நிரப்பின விற்பனை ஆர்டர்ல சைன் வாங்கிட்டு மீதியை திருடனே நிரப்பிக்கிட்டான், பாதிக்கப்பட்டது 17 பேர்னு கம்பெனி பின்னாடி சொல்லுச்சு. தெரிஞ்சவங்க கூட ஏமாறுவாங்க. 2025 பிப்ரவரில பைபிட் எக்ஸ்சேஞ்ச்ல சுமார் 150 கோடி டாலர் போனப்போ சைன் பண்ணினவங்க அதையே வேலையா பாக்கிற ஆளுங்க, ஹார்டுவேர் வாலட் வச்சு தான் பண்ணினாங்க, ஆனா அவங்க முன்னாடி இருந்த வெப் பக்கம் ஒண்ணைக் காட்டுச்சு, கீழ சைன் ஆனது வேற ஒண்ணு. அதனால தான் சொல்றேன், பெட்டி கீயை லாகின் விளையாட்டுக்கே கொண்டு வராதீங்க. ஜீரோ பேலன்ஸ் வாலட்டால பெர்மிட்ல சைன் பண்ணிட்டாலும் திருடனுக்கு எடுக்க ஒண்ணும் இருக்காது.

சரி, நடைமுறைல எப்படின்னா: புது ப்ரொஃபைல்ல சைட்டை நீங்களே டைப் பண்ணி திறங்க, விளம்பர லிங்க் வழியா போகாதீங்க. கனெக்ட் அமுக்குங்க, லாகின் அக்கவுன்ட்டை மட்டும் டிக் பண்ணுங்க. கனெக்ட்ன்றது அட்ரஸை காட்டறது மட்டும் தான், அது லாகின் இல்ல. அப்புறம் சைன் பாப்அப் வரும், டொமைன், அட்ரஸ், நேரம், ரிசோர்சஸ் பாத்துட்டு சைன் குடுங்க. முடிச்சிட்டு வெளிய வரும்போது வாலட்ல டிஸ்கனெக்ட் பண்ணிட்டா லாக்அவுட் ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க, சைட் குடுத்த செஷன் குக்கி (நீங்க உள்ள இருக்கீங்கன்ற குறிப்பு) அது பாட்டுக்கு உயிரோட இருக்கும். சைட்ல இருக்கிற லாக்அவுட்டை அமுக்கணும், அதுக்கப்புறம் வாலட்ல கனெக்டட் சைட்ஸ் பட்டியல்ல இருந்தும் எடுத்துடுங்க.

டெலிகேட் பண்றது

இப்போ கேள்வி வரும். என்எஃப்டி வச்சிருந்தா தான் உள்ள விடுவோம்னு சொல்ற சைட், இஎன்எஸ் பேர் காட்டற சைட், ஓட்டு போட்டு முடிவெடுக்கற டாவ்ன்ற குழு, இதுக்கெல்லாம் பெட்டி அட்ரஸ் தானே வேணும், ஜீரோ வாலட்டால போனா யாருன்னு கேப்பாங்களே. அங்க தான் டெலிகேட் வருது. பெட்டி ஒரு தடவை செயின்ல எழுதி வைக்கும், "இந்த லாகின் அட்ரஸ் என் சார்பா பேசலாம்"னு. நிலத்துக்கு பவர் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதியற மாதிரி தான், சொத்து உங்க பேர்லயே இருக்கும், வேணாம்னா ரத்து பண்ணலாம். பவர்ல எதுக்கெல்லாம் அதிகாரம்னு எழுதறீங்களோ அது தான் முக்கியம், இங்கயும் அதே.

நெறைய சைட் ஏத்துக்கிற ரெஜிஸ்ட்ரி டெலிகேட் டாட் எக்ஸ்ஒய்இஸட், முன்னாடி டெலிகேட் கேஷ்னு பேர் இருந்துச்சு. அந்த கான்ட்ராக்ட்டை (செயின்ல ஓடற ப்ரோக்ராம்) யாரும் அப்கிரேட் பண்ண முடியாத மாதிரி போட்டிருக்காங்க, அது உங்க டோக்கனைத் தொடாது, யாருக்கு யார் டெலிகேட்னு குறிப்பு மட்டும் வச்சிருக்கும். பண்ற முறை: ஹார்டுவேர் வாலட் இருக்கிற ப்ரொஃபைல்ல அந்த சைட்டை கையால டைப் பண்ணி திறங்க, பெட்டி அட்ரஸை கனெக்ட் பண்ணுங்க, லாகின் அட்ரஸை பேஸ்ட் பண்ணுங்க, முதல் நாலு கடைசி நாலு எழுத்து மட்டும் பாத்தா பத்தாது, முழுசா பாருங்க, ஏன்னா முன்னும் பின்னும் ஒரே மாதிரி வர்ற அட்ரஸை உருவாக்கி உங்க ஹிஸ்டரில நுழைக்கிற கூட்டமே இருக்கு. அடுத்து எந்த அளவுக்குன்னு கேக்கும். மொத்த வாலட்டுக்கும் குடுக்கலாம், ஒரு கான்ட்ராக்ட்டுக்கு மட்டும் குடுக்கலாம், ஒரே ஒரு டோக்கனுக்கு மட்டும் குடுக்கலாம். மொத்தமா குடுக்கறது சோம்பேறித்தனம், அந்த சைட்டுக்கு எந்த என்எஃப்டி தேவையோ அதோட கான்ட்ராக்ட்டுக்கு மட்டும் குடுங்க. டெலிகேட் ஆனவன் உங்க என்எஃப்டியை விக்க முடியாது தான், ஆனா ஏர்ட்ராப் (இலவசமா குடுக்கிற டோக்கன்) வந்தா உங்க சார்பா க்ளெய்ம் பண்ண சில ப்ராஜெக்ட் விடும், அது அவன் வாலட்டுக்கு போனாலும் போகும். ட்ரான்சாக்‌ஷன் வரும்போது ஹார்டுவேர் ஸ்க்ரீன்ல வேல்யூ 0 ஈத்னு இருக்கணும், எந்த கான்ட்ராக்ட்டுக்கு போகுதுன்ற அட்ரஸை ஈதர்ஸ்கேன்ல அவங்க வெரிஃபை பண்ணி வச்சிருக்கிறதோட ஒப்பிட்டுட்டு ஓகே குடுங்க. இதுக்கு காஸ் ஆகும், ஏன்னா இது செயின்ல எழுதறது.

ரெண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். மெயின்நெட்ல எழுதின டெலிகேட் பேஸ், பாலிகான் மாதிரி வேற செயின்ல இருக்கிற கான்ட்ராக்ட்டுக்கு தெரியாது, ஒவ்வொரு செயின்லயும் தனியா எழுதணும். அப்புறம் இந்தக் குறிப்பு எல்லாமே பப்ளிக், டெலிகேட் பண்ணின அந்த நிமிஷமே லாகின் அட்ரஸ் இந்தப் பெட்டியோட ஆளுன்னு ஊருக்கே தெரியும், அதனால மேல சொன்ன யாருன்னு தெரியாத அட்ரஸை இங்க கொண்டு வந்து ஒட்டாதீங்க.

காலக்கெடு வச்சு குடுக்கணும்னா இஆர்சி-1056ன்னு ஒரு பழைய ஸ்டாண்டர்ட் இருக்கு, 2018ல வந்தது, டிஐடி-ஈதர்ன்ற டிஜிட்டல் அடையாள முறை அதுக்கு மேல தான் நிக்குது. எனக்கு ரொம்ப பிடிச்ச டிசைன். எந்த எத்திரியம் அட்ரஸும் ஏற்கனவே ஒரு அடையாளம் தான், பதிவே பண்ண வேண்டியதில்ல, ஆரம்பத்துல அதுக்கு ஓனரும் அதே அட்ரஸ் தான். டெலிகேட் சேக்கும்போது எத்தனை செகண்டுக்கு செல்லும்னு சேத்து சொல்லணும், 90 நாளுன்னா 77,76,000 செகண்ட், அது முடிஞ்சா நீங்க மறந்தாலும் தானா காலாவதி ஆயிடும். அதை விட பெரிய விஷயம் ஓனரையே மாத்தலாம், அடையாளம் அப்படியே இருக்கும், அதை ஆளற கீ மட்டும் மாறும். சாதாரண எத்திரியம் அக்கவுன்ட்ல இது முடியவே முடியாது, கீ போச்சுன்னா அட்ரஸும் போச்சு. 2025 மே மாசம் எத்திரியத்தோட பெக்ட்ரா அப்கிரேட்ல வந்த 7702ன்ற ஸ்டாண்டர்ட் வச்சு சாதா அக்கவுன்ட்டை ஸ்மார்ட் அக்கவுன்ட் (ப்ரோக்ராம் ஆளற அக்கவுன்ட்) மாதிரி ஓட்டலாம்னாலும் பழைய ப்ரைவேட் கீக்கு முழு அதிகாரமும் அப்படியே தான் இருக்கும். என்ன குறைன்னா 1056ஐ ஏத்துக்கிற சைட் கம்மி, வெரிஃபையபிள் க்ரெடென்ஷியல் (டிஜிட்டல் சான்றிதழ்) வேலை பாக்கிறவங்க தவிர பெருசா யாரும் தொடறதில்ல.

இந்த யோசனை ஒரு ஆப்ல ஒழுங்கா வேலை செய்யறதை பாக்கணும்னா ஃபார்காஸ்டர்ன்ற சோஷியல் நெட்வொர்க்கைப் பாருங்க. உங்க ஐடி ஆப்டிமிசம் செயின்ல கஸ்டடி அட்ரஸ் பேர்ல இருக்கும், போஸ்ட் போடற ஆப் ஒவ்வொண்ணுக்கும் தனியா ஒரு சைனர் கீ சேக்கலாம், ஆப் கீயால போஸ்ட் போடலாம் ஆனா ஐடியைத் தூக்கிட்டு போக முடியாது, பிடிக்கலன்னா அந்த கீயை மட்டும் எடுத்துடலாம், கஸ்டடி கீயே தொலைஞ்சா ரெக்கவரி அட்ரஸ் ஒண்ணு இருக்கு. நோஸ்டர்ன்ற இன்னொரு சோஷியல் நெட்வொர்க்ல இதையே 26ஆம் நம்பர் நிப்ல (அவங்க ஸ்டாண்டர்டுக்கு அது தான் பேர்) ட்ரை பண்ணினாங்க, எல்லா க்ளையன்ட்டும் அதைப் புரிஞ்சு செக் பண்ணணும்ன்ற சுமையால ஒட்டல, இப்போ அதை பரிந்துரைக்கிறதில்லன்னு அவங்களே போட்டுட்டாங்க. அங்க கீயை வேற இடத்துல பங்கர்ன்ற சைன் பண்ற சர்வர்ல வச்சுட்டு தூரத்துல இருந்து சைன் வாங்கற 46ஆம் நிப் தான் இப்போ புழக்கத்துல இருக்கு.

சைட் நடத்தறவங்களுக்கு

யூஸரா மட்டும் இருக்கிறவங்க இந்தப் பகுதியை தாண்டிடலாம், கடைசில வர்ற பிட்காயின் பத்தியை மட்டும் பாருங்க. நான்ஸை சர்வர்ல தான் உருவாக்கணும், குறைஞ்சது 8 எழுத்து-எண் இருக்கணும், செஷன்ல வச்சு ஒரு தடவை யூஸ் ஆனதும் அழிச்சுடணும். மெசேஜும் சிக்னேச்சரும் திரும்பி வந்ததும் சிக்னேச்சர் சரியான்னு மட்டும் பாத்துட்டு விட்டுடறது தான் நான் அதிகமா பாக்கிற ஓட்டை. மெசேஜ்ல இருக்கிற டொமைன் உங்க டொமைனான்னு, நான்ஸ் நீங்க குடுத்தது தானான்னு, நேரம் தாண்டலையான்னு, எல்லாத்தையும் சர்வர்ல பாக்கணும். டொமைனை ரிக்வெஸ்ட் ஹெடர்ல இருந்து எடுத்து ஒப்பிடாதீங்க, கான்ஃபிக்ல எழுதி வச்சு ஒப்பிடுங்க. வியெம்ன்ற ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரில இதுக்குன்னே ஃபங்ஷன் இருக்கு, ஸ்ப்ரூஸோட லைப்ரரியும் இருக்கு, கையால பார்ஸர் எழுதற வேலை வேணாம்.

அட்ரஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கலந்து வர்றது செக்சம், டேட்டாபேஸ்ல போடறதுக்கு முன்னாடி ஒரே வடிவத்துக்கு மாத்திடுங்க, இல்லன்னா ஒரே ஆளுக்கு ரெண்டு அக்கவுன்ட் உருவாகிடும். சேஃப் மாதிரி ஸ்மார்ட் கான்ட்ராக்ட் வாலட்ல இருந்து வர்றவங்களுக்கு சிக்னேச்சர்ல இருந்து அட்ரஸ் எடுக்க முடியாது, ஏன்னா அங்க ப்ரைவேட் கீயே கிடையாது, அந்த கான்ட்ராக்ட்கிட்டயே "இது உன் சைன் தானா"ன்னு 1271 முறைல கேக்கணும், அதுக்கு செயினைப் படிக்க ஒரு ஆர்பிசி கனெக்‌ஷன் வேணும். வியெம்ல பப்ளிக் க்ளையன்ட் குடுத்துட்டா அதையும், கான்ட்ராக்ட் இன்னும் செயின்ல ஏறாத 6492 கேஸையும் அதுவே பாத்துக்கும்.

டெலிகேட்டை ஏத்துக்கறதா இருந்தா சைன் பண்ணினது லாகின் அட்ரஸ், உரிமை கோரறது பெட்டி அட்ரஸ், ரெண்டையும் டேட்டாபேஸ்ல தனித்தனி கட்டத்துல வைங்க, ஒண்ணா குழப்பிடாதீங்க. லாகின் நேரத்துல ஒரு தடவை ரெஜிஸ்ட்ரியைக் கேட்டுட்டு அந்த பதிலையே ஒரு மாசத்துக்கு சேமிச்சு வச்சா, இடைல பெட்டிக்காரர் ரத்து பண்ணினது உங்களுக்கு தெரியவே தெரியாது. முக்கியமான செயல் ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி திரும்ப கேளுங்க. ப்ரொஃபைல் போட்டோ மாத்த இது தேவையில்ல, ஓட்டு போடறதுக்கும் க்ளெய்ம் பண்றதுக்கும் தேவை.

பிட்காயின் பக்கம் இருக்கிறவங்களுக்கு லைட்னிங்ல (பிட்காயினை வேகமா அனுப்பற நெட்வொர்க்) எல்என்யூஆர்எல்-ஆத்னு ஒண்ணு இருக்கு, பிரைவசி விஷயத்துல எத்திரியம் முறையை விட இது தான் சிறப்பு. சைட் ஒரு க்யூஆர் காட்டும், அதுக்குள்ள 32 பைட் சேலஞ்ச், வாலட்டால ஸ்கேன் பண்ணினா அந்த டொமைனுக்குன்னே தனியா ஒரு கீயை உருவாக்கி அதால சைன் பண்ணும். ரெண்டு சைட் பேசி வச்சுக்கிட்டாலும் நீங்க ஒரே ஆளுன்னு கீயை வச்சு கண்டுபிடிக்க முடியாது, உங்க சாட்ஸ் (பிட்காயின் சில்லறை) எவ்ளோன்னும் தெரியாது. ஸ்டேக்கர் நியூஸ்ன்ற சைட்ல ஃபீனிக்ஸ் வாலட் வச்சு ட்ரை பண்ணிப் பாருங்க. ட்ரெஸர்காரங்க இதே மாதிரி சைட்டோட அட்ரஸை ஹாஷ் பண்ணி கீ எடுக்கிற முறையை ஸ்லிப்-13னு முன்னாடியே எழுதி வச்சிருந்தாங்க. இதுல மாட்டிக்கிற இடம் ரெண்டு: சைட் டொமைனை மாத்தினா உங்க கீயும் மாறிடும், அப்புறம் கீ எடுக்கிற வழி எல்லா வாலட்லயும் ஒண்ணு கிடையாது, அதே சீட் ஃப்ரேஸை வேற வாலட்ல போட்டா அதே லாகின் வரும்னு சொல்ல முடியாது. ஈமெயிலையும் சேத்து வைக்க விட்டா சேத்து வச்சுடுங்க.

லாகின் போன் தொலைஞ்சா

"பாஸ்வேர்ட் மறந்துட்டேன்" லிங்க் இங்க கிடையாது, அதனால இதை இன்னைக்கே யோசிச்சு வைக்கணும். முதல் வேலை, பெட்டியோட ஹார்டுவேர் வாலட்டை எடுத்து ரெஜிஸ்ட்ரில அந்த லாகின் அட்ரஸை ரிவோக், அதாவது ரத்து பண்ணுங்க, எந்தெந்த செயின்ல குடுத்தீங்களோ அத்தனைலயும், அதுக்கு ஒவ்வொரு செயின்லயும் கொஞ்சம் காஸ் பெட்டில இருக்கணும், அந்த நேரத்துல போய் ஈத் வாங்கிட்டு இருக்க முடியாது. ஃபார்காஸ்டர்னா கஸ்டடி கீயால அந்த சைனரை எடுங்க. அடுத்து புதுசா இன்னொரு சீட்ல லாகின் வாலட் உருவாக்கி அதை டெலிகேட்டா போடுங்க. பேப்பர்ல எழுதி வச்ச 12 வார்த்தை இருந்தா பழைய லாகின் வாலட்டை வேற மெஷின்ல திரும்ப எடுத்து, டெலிகேட் இல்லாம நேரா அந்த அட்ரஸால போன சைட்ல எல்லாம் உள்ள போய், ஈமெயிலையோ பாஸ்கீயையோ ரெண்டாவது வழியா சேத்து, அட்ரஸை மாத்த விட்டா மாத்திடுங்க. எல்லா டிவைஸ்லயும் லாக்அவுட்னு பட்டன் இருந்தா அதை கண்டிப்பா அமுக்குங்க, ஏன்னா செயின்ல ரிவோக் பண்ணினாலும் ஏற்கனவே திறந்திருக்கிற செஷன் தானா மூடாது. அந்த பட்டன் இல்லாத சைட்டுக்கு பெட்டி அட்ரஸால சைன் பண்ணின ஒரு மெசேஜோட சப்போர்ட்டுக்கு எழுதுங்க, அதுல சைட் பேர், தேதி, பழைய அட்ரஸ், புது அட்ரஸ் நாலையும் எழுதி சைன் பண்ணுங்க, வெறுமனே "இது நான் தான்"னு எழுதி சைன் பண்ணி அனுப்பினா அதை எடுத்து யார் வேணா எங்க வேணா காட்டலாம்.